கிளட்சைக் கழற்ற ஒரு முழம் கயிறு

சுற்றுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளிலிருந்து நட்டைக் கழற்றுவது எப்படி? கேட்கச் சின்னக் கேள்விதான். ஆனால் மரம் அறுக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின், மொபெட் என்று எந்தச் சின்ன எஞ்சினைப் பிரித்தாலும் இது முன்னால் வந்து நிற்கும். மரம் அறுக்கும் மெஷினில் கிளட்ச், கிராங்க் தண்டின் நுனியில் மரையோடு திருகப்பட்டிருக்கிறது. ஸ்பேனரை மாட்டி அழுத்தினால் கிளட்ச் கழலாது. தண்டும் சேர்ந்து சுற்றும், பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வரும். எஞ்சின் தன் வேலையைத்தானே செய்கிறது, அதைக் குறைசொல்ல முடியாது.

ஆகவே முதலில் பிஸ்டனை நிறுத்தியாக வேண்டும். மெக்கானிக்குகள் அதைச் செய்யும் விதம் இது: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார்கள். அந்த ஓட்டை வழியாக ஒரு கயிற்றை உள்ளே விடுவார்கள். பெரும்பாலும் அதே மெஷினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் நைலான் கயிற்றின் பழைய துண்டு. உள்ளே போன கயிறு சுருண்டு சுருண்டு, பிஸ்டன் தலைக்கும் சிலிண்டர் மூடிக்கும் நடுவே பஞ்சு மூட்டை மாதிரி உட்கார்ந்துவிடும். இப்போது கிளட்சைத் திருகினால் பிஸ்டன் மேலே வந்து கயிற்றில் முட்டி நிற்கும். எஞ்சின் பூட்டிக்கொண்டது. அப்புறம் கிளட்ச் கழன்றுதான் ஆக வேண்டும்.

அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இந்த கிளட்ச் வலப்பக்கம் திருகினால்தான் கழலும். சைக்கிளில் இடது பெடலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருக்கும். தண்டு சுற்றும் திசைக்கு எதிராக, சுமை கிளட்சைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. வழக்கமான மரை என்றால் அந்த இழுப்பே அதைக் கழற்றி எறிந்துவிடும். அதனால் இடது மரை போட்டிருக்கிறார்கள். வேலை செய்யச் செய்ய இன்னும் இறுகும். பல மெஷின்களில் கிளட்சின் மேலேயே ஓர் அம்புக்குறி போட்டு, கழற்றும் திசை இதுதான் என்று பொறித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல், தெரிந்த திசையில் பலத்தைக் காட்டுகிறவர்களுக்காகவே போட்ட அம்பு.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் இதைச் செய்துகாட்டியபோது நான் கேட்டேன்: "இத முதல்ல யாருண்ணே கண்டுபிடிச்சது?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கயித்த உள்ள விடுறதயா? இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பா தம்பி?" என்றார்.

எனக்கு அது கண்டுபிடிப்பாகத்தான் பட்டது. அதனால்தான் சின்ன எஞ்சினின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் எல்லாமே இருக்கிறது: காப்புரிமை எண், தேதி, வழக்கு, கம்பெனி. கயிறு மட்டும் இல்லை.

வரலாறு இப்படிப் போகிறது. 1876இல் ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஓட்டோ நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை ஓட்டிக்காட்டினார். நான்கு வீச்சில் ஒரு வீச்சுதான் சக்தி தரும். இரண்டு வீச்சுக்கு ஒருமுறை சக்தி கிடைத்தால் என்ன என்று யோசித்த ஸ்காட்லாந்துக்காரர் டுகால்ட் கிளார்க், 1881இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அவருடைய எஞ்சினுக்குக் காற்றை உள்ளே தள்ள இன்னொரு சிலிண்டர் வேண்டியிருந்தது. பெரிய எஞ்சினுக்குச் சரி, சின்ன எஞ்சினுக்கு அது தாங்காது.

அந்த இரண்டாவது சிலிண்டரைத் தூக்கி எறிந்தவர் இங்கிலாந்தில் பாத் நகரத்தில் பட்டறை வைத்திருந்த ஜோசப் டே. பிஸ்டன் மேலே போகும்போது அதன் கீழே, கிராங்க் இருக்கும் அறையில் ஒரு வெற்றிடம் உண்டாகிறதல்லவா? அதையே பம்ப்பாக வைத்துக்கொண்டால் போதுமே என்றார். 1891இல் காப்புரிமை. ஆனால் டேயின் எஞ்சினில் காற்று திரும்பிப் போகாமல் தடுக்க ஒரு வால்வு இன்னும் இருந்தது. அடுத்த ஆண்டே அதையும் நீக்கியவர் அவரிடம் வேலைபார்த்த ஃபிரெடரிக் காக். சிலிண்டர் சுவரில் இன்னொரு துளை போட்டார். பிஸ்டனின் பக்கவாட்டே அந்தத் துளையைத் திறக்கும், மூடும். தனியாக வால்வு என்று ஒன்று கிடையாது. ஓடுகிற பாகங்கள் மூன்றே மூன்று: பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க்.

இதற்குப் பிறகு வந்த கோடிக்கணக்கான டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் ஓடியது இந்த யோசனைதான். மரம் அறுக்கும் மெஷினிலிருந்து மொபெட் வரை. ஆனால் காக்கைப் பற்றித் தேடினால் கிடைப்பது இரண்டு மூன்று வரிகள். டேயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அதுவும் சந்தோஷமான கதை இல்லை. சம்பாதித்ததை எண்ணெய் தேடும் முயற்சியில் விட்டார். 1946இல், பெரும்பாலும் யாராலும் நினைக்கப்படாமல், இறந்தார். அதே 1946இல்தான் இத்தாலியில் வெஸ்பாவும் பிரான்சில் வெலோசொலெக்ஸும் விற்பனைக்கு வந்தன. இரண்டும் டூ ஸ்ட்ரோக். அடுத்த முப்பது ஆண்டுகள் உலகத்தின் தெருக்களில் அந்த நீலப் புகைதான்.

கயிற்றுக்கு வருகிறேன். அதற்கும் காக்குக்கும் நேரடியான தொடர்பு இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் துளைகள் இருப்பதால், பிஸ்டன் கீழே இருக்கும்போது கயிற்றை விட்டால் அதன் நுனி புகை போகும் துளைக்குள் நுழைந்துவிடும். பிஸ்டன் மேலே ஏறும்போது கத்தரிக்கோல் மாதிரி அதை நறுக்கும். நறுக்கிய துண்டு உள்ளேயே விழும். அப்புறம் சைலன்சரைக் கழற்றித் தேட வேண்டும். அதனால் பிஸ்டனைக் கொஞ்சம் மேலே ஏற்றி, அந்தத் துளை மூடிய பிறகுதான் கயிறு. "வாலு வெளிய இருக்கணும் தம்பி. முழுசா உள்ள விட்டா அப்புறம் எலி வளைக்குள்ள போன மாதிரிதான்" என்றார் அந்த அண்ணன். நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டால் பிரி பிரிந்து உள்ளே நார் விழாது என்பதும் அவர் சொன்னதுதான்.

இதற்கென்று கடையில் விற்கும் சாமான்கள் இல்லாமல் இல்லை. பிளக் ஓட்டையில் திருகும் இரும்பு முளை ஒன்று உண்டு, பிளாஸ்டிக்கிலும் வருகிறது. ஆனால் பிஸ்டன் அலுமினியம். இரும்பு முளை ஒரே புள்ளியில் முட்டும். கிளட்ச் நன்றாகப் பிடித்துப்போயிருந்தால், அழுத்துகிற அழுத்தில் பிஸ்டன் தலையே ஓட்டையாகலாம். ஸ்குரூடிரைவரை உள்ளே விடுகிற மகாராசன்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. கயிறு மென்மையானது, பாரத்தைத் தலை முழுக்கப் பரப்பிவிடுகிறது. மோட்டார் பட்டறைகளில் இரண்டு பல்சக்கரங்களைச் சுற்றவிடாமல் நிறுத்த நடுவே ஒரு செம்புக் காசைச் சொருகுவதும் இதே அறிவுதான்: பூட்டுகிற பொருள், பூட்டப்படும் பொருளைவிட மெதுவாக இருக்க வேண்டும்.

இனி கிளட்ச். திருவிழாவில் சங்கிலி ராட்டினம் பார்த்திருப்பீர்கள். நிற்கும்போது இருக்கைகள் நேராகத் தொங்கும், வேகம் ஏற ஏற வெளியே விரியும். மரம் அறுக்கும் மெஷினின் கிளட்ச் அதுவேதான். தண்டோடு சுற்றும் இரண்டோ மூன்றோ எடைக்கட்டைகள், ஷூ என்பார்கள். அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங். சுற்றிலும் கிண்ணம் மாதிரி ஒரு டிரம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஸ்பிரிங் ஜெயிக்கும்; ஷூ டிரம்மைத் தொடாது, செயின் நிற்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஷூ விரிந்து டிரம்மைக் கவ்வும், செயின் ஓடும். நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்றில் சும்மா இருக்கும் சங்கிலி, 10,000 சுற்றுக்கு மேல் மரத்தைத் தின்னும். நடுவில் கைக்கோ காலுக்கோ ஒரு வேலையும் இல்லை. 1788இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்த மாட்டிய சுழலும் குண்டுகளும் இதே தத்துவம்தான்.

மரத்துக்கு இந்த எஞ்சின் போன கதையில் இரண்டு ஜெர்மானியர்கள் முக்கியம். எமில் லெர்ப் 1927இல் தன் பெட்ரோல் ரம்பத்தைத் துரிங்கியாவில் டோல்மர் என்ற மலையில் சோதித்தார். கம்பெனிக்கும் அந்த மலையின் பெயரே வந்தது. ஆந்திரேயாஸ் ஷ்டீல் 1926இல் மின்சார ரம்பமும் 1929இல் பெட்ரோல் ரம்பமும் செய்தார். அந்தப் பெட்ரோல் ரம்பத்தின் எடை சுமார் 46 கிலோ. ஒரு நெல் மூட்டையைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். அது குறைந்து குறைந்து, 1959இல் ஷ்டீல் கம்பெனியின் 'கோன்ட்ரா' வந்தபோது நடுவில் இருந்த பல்சக்கரப் பெட்டியும் போய்விட்டது. கிளட்ச் டிரம்மே செயினை நேராக இழுத்தது. அதே 1959இல் அமெரிக்காவில் மெக்கல்லக் கம்பெனி தன் ரம்ப எஞ்சினைக் கொஞ்சம் மாற்றிப் பந்தயக் கார்ட் வண்டிக்கு விற்றது. அது வேறொரு கட்டுரைக்கான விஷயம்.

டூ ஸ்ட்ரோக்கின் அடிப்பாகத்தில் எண்ணெய்த் தொட்டி கிடையாது, எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வருகிறது. அதனால் மெஷினைச் சாய்க்கலாம், கவிழ்க்கலாம், ஓடும். தென்னை மரத்தில் பாதி ஏறி நின்றுகொண்டு ஒருவர் பக்கவாட்டில் அறுக்க முடிவதற்கு டேயும் காக்கும் ஒரு காரணம்.

இந்தியாவில் அதிகம் பேர் இந்த கிளட்சைச் சந்தித்தது மரத்தில் அல்ல, ரோட்டில். பிரான்சில் மொதொபெகான் கம்பெனி 1949இல் கொண்டுவந்த மொபிலெட்டுக்கு 1950களில் தானாகப் பிடிக்கும் கிளட்ச் வந்தது. அந்த மொபிலெட்தான் 1960களில் திருப்பதியில் 'சுவேகா' என்ற பெயரில் தயாரானது. 1972இல் புனேயிலிருந்து லூனா. 1980இல் ஓசூரிலிருந்து சுந்தரம் கிளேட்டனின் டிவிஎஸ் 50. இந்தியாவில் இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் மொபெட்.

நான் நிறுத்திச் சொல்ல விரும்பும் இடம் இது. கிளட்ச் லீவரும் கியரும் இல்லாத வண்டி என்பது வெறும் வசதி இல்லை. இடது கையைப் பழக்க வேண்டாம், இடது காலைப் பழக்க வேண்டாம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும், ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். நாற்பது வயதில் முதல்முறையாக வண்டி வாங்கிய பால்காரர், மீன்காரர், வயலுக்குப் புல்லுக்கட்டு கொண்டுவருகிறவர், புடவையோடு பள்ளிக்குப் போன டீச்சர் எல்லோரும் இந்த வழியாகத்தான் ரோட்டுக்கு வந்தார்கள். சட்டமே இதைத் தனி வகையாகப் பார்த்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 'கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்' என்று ஒரு தனி லைசென்ஸ் வகை இருக்கிறது. 50 சிசிக்கு மிகாத வண்டியைப் பதினாறு வயதிலேயே ஓட்டலாம். ஷூ, ஸ்பிரிங், டிரம் என்ற மூன்று இரும்புச் சாமான்கள் ஒரு சட்டப்பிரிவாகியிருக்கின்றன. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் சைக்கிள் ஓட்டியதைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். மொபெட்டைப் பற்றி யாராவது அப்படி எழுதினால் முதல் ஆளாக வாசிப்பேன்.

ஓட்டுகிறவரின் கையிலிருந்து நீங்கிய வேலை எங்கே போனது? அது மாயமாகவில்லை. மெக்கானிக்கிடம் போனது. லீவர் உள்ள வண்டியில் கிளட்ச் தேய்ந்தால் ஓட்டுகிறவரின் கைக்கே முதலில் தெரியும். தானியங்கி கிளட்சில் அப்படித் தெரியாது. "ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது" என்பார் வண்டிக்காரர். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து ஷூ தேய்ந்ததா, பெட்ரோல் வரவில்லையா, சைலன்சர் அடைத்திருக்கிறதா என்று பிரித்தெடுப்பது மெக்கானிக்கின் வேலை. எஞ்சின் எளிமையாக எளிமையாக, அதைத் திறந்து பார்க்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது கூடிக்கொண்டே போயிருக்கிறது. காப்புரிமை அலுவலகத்தில் பதிவானது முதல் பாதிதான்.

மரம் அறுக்கும் மெஷினில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஸ்பிரிங் தளர்ந்தால் ஷூ முன்கூட்டியே விரியும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் செயின் ஊர்ந்துகொண்டே இருக்கும். மெஷினைத் தொடையோரம் இறக்கி வைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடக்கிற ஆளுக்கு அது தெரியாது. டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். அந்த நீலம் வந்துவிட்டால் ஸ்பிரிங்கும் தன் முறுக்கை இழந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாக உள்ளே போனது. லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. ரோடு, வாய்க்கால், வீட்டுக் கூரை எல்லாவற்றின் மேலும் தென்னை. அடுத்த வாரங்களில் அந்தப் பக்கம் கேட்ட ஒரே சத்தம் மரம் அறுக்கும் மெஷின். வேறு மாவட்டங்களிலிருந்து ஆட்கள் மெஷினோடு வந்தார்கள். பலர் அதற்கு முன் மெஷினைத் தொட்டதில்லை, ஆனால் யாராவது அறுத்தாக வேண்டுமே.

அண்ணன் அந்த நாட்களைப் பற்றிச் சொன்னதில் பெரும்பகுதி கிளட்ச்தான். விழுந்த மரம் மணலில் கிடக்கிறது. அறுக்கும்போது செயின் மணலைத் தொடுகிறது. மணல் பட்ட செயின் சில நிமிடத்தில் மழுங்குகிறது. அதற்கு அரம் போட நேரமில்லை. மழுங்கிய செயினை மரத்தில் வைத்து ஆள் பலத்தால் அழுத்துகிறார்கள். செயின் நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது, நடுவில் கிளட்ச் வழுக்கிச் சூடேறுகிறது. சிலர் செயின் பிரேக்கைப் போட்டுவிட்டு, அதை மறந்து, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினார்கள். தென்னை நார் வேறு கிளட்ச் மூடிக்குள் திணிந்து கருகியது.

"கரண்டு இல்ல. லைட்டு இல்ல. காத்துல ஓடுற கன்னு இருந்தா பிஸ்டன பூட்டாமயே டர்ருன்னு கழட்டிடலாம், அதுக்கும் கரண்டு வேணும்ல" என்றார். "கயிறும் ரெஞ்சும்தான். டிராக்டர் லைட்டப் போட்டுக்கிட்டு கழட்டுனோம். ஒரு மெஷின முடிச்சு அனுப்புனா மறுநா அதுவே திரும்பி வரும்."

"திட்டலையாண்ணே?"

"யாரத் திட்டுறது? அவன் வீட்டு மேலயும் மரம் கெடக்கு."

தான் பிரித்த மெஷின்களில் கிளட்சோடு ஒரு சின்ன வேலையும் சேர்த்துச் செய்து அனுப்பியதாகச் சொன்னார். புது ஸ்பிரிங் கிடைக்காதபோது, செயின் ஊர்கிற மெஷினை எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரவில்லை. ஆட்கள் கெஞ்சினார்கள், சத்தம் போட்டார்கள், கூடுதல் பணம் நீட்டினார்கள். "மரம் நாளைக்கும் கெடக்கும், கால் மொளைக்காது" என்று சொல்லிக் கடைக்குள்ளேயே வைத்துக்கொண்டாராம். அந்த வாரங்களில் அவர் தராத மெஷின்கள் எத்தனை என்று எந்த அறிக்கையிலும் இருக்காது.

டூ ஸ்ட்ரோக்கின் காலம் ரோட்டில் முடிந்துகொண்டிருக்கிறது. 2015இல் வந்த எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக். கிளட்ச் அதே தானியங்கி ஜாதிதான். ஆனால் பிஸ்டனைக் கயிற்றால் பூட்டுவதற்கு இப்போது வேறொரு கவனம் வேண்டும். தலையில் வால்வு இருக்கிறது. அது திறந்திருக்கும் நேரத்தில் கயிறு முட்டினால் வால்வு வளையும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் வீச்சைப் பார்த்துத்தான் விட வேண்டும். காக் நீக்கிய வால்வு திரும்பி வந்ததும் கயிற்றின் விதியும் மாறிவிட்டது. பேட்டரி ரம்பத்தில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. பட்டனை விட்டால் மோட்டாரே நின்றுவிடும், சும்மா ஓட வேண்டியதில்லை என்பதால் இந்த கிளட்சே தேவையில்லை. 2024இல் லூனாவும் மின்சார வண்டியாகத் திரும்பி வந்தது. மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. பூட்டுவதற்குப் பிஸ்டன் இல்லை. புகையும் இரைச்சலும் போவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மெஷினை வருஷக்கணக்காகப் பிடித்து, குளிரில் விரல் வெளுத்துப்போகும் மரவெட்டிகளுக்கு அது நல்ல செய்திதான்.

அண்ணனின் டூல்ஸ் பெட்டியில் அந்தக் கயிறு இருக்கிறது. எண்ணெயில் ஊறிக் கறுத்து, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலே. அதில் நுனி முடிச்சு போக இன்னும் இரண்டு முடிச்சுகள். சின்ன மெஷினுக்கு முதல் முடிச்சு வரை உள்ளே போக வேண்டும், பெரிய மெஷினுக்கு இரண்டாவது வரை. அவரிடம் வேலைக்கு வந்த பையன் ஒவ்வொரு தடவையும் "இன்னும் எவ்வளவுண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். அவனுக்காகப் போட்டது.